வாரண்ட் இல்லாமல் தேடினார்களே, கேஸ் நிற்குமா?

இந்தத் தடவை சேர்ந்த கேள்விகளைப் பிரித்துப் படித்தால் முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: போலீஸ் செய்தது தப்பு, அப்படியானால் அவர்கள் எடுத்த சாட்சியம் செல்லாதுதானே? நீலகிரி கோர்ட்டுகளில் ரொம்ப நாளாக நின்றுகொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் செல்லும். செல்லாமல் போகிற இடங்களும் இருக்கின்றன, ஆனால் அவை நீங்கள் நினைக்கிற இடங்கள் இல்லை. எழுதியவர்களின் ஊர், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம் சார். ராத்திரி பத்தரை மணிக்கு போலீஸ் வந்து, வாரண்ட் எதுவும் காட்டாமல் வீட்டைப் புரட்டிப் போட்டு, தம்பியின் பெட்டியிலிருந்து இரண்டு செல்போனை எடுத்துப் போனார்கள். திருட்டு போன் என்கிறார்கள். வாரண்ட் இல்லாததால் கேஸ் தள்ளுபடி ஆகிவிடுமா?

ஆகாது. வாரண்ட் இல்லை என்றதும் நீதிபதி சுத்தியலைத் தட்டி ஆளை அனுப்பிவிடுவது அமெரிக்க சீரியலில் வருவது. அங்கே 1961இல் மேப் வழக்கில், சட்டவிரோதமாகச் சோதனை போட்டு எடுத்ததை மாநில கோர்ட்டுகளும் வெளியே தள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாம் பிடித்தது ஆங்கிலேயர் வழி. திருடிக் கொண்டுவந்தாலும் சாட்சியம் சாட்சியம்தான் என்று 1861லேயே அங்கே ஒரு நீதிபதி சொல்லி வைத்தார். நம் உச்ச நீதிமன்றமும் 1973 டிசம்பரில் பூரண்மல் வழக்கில், அரசியல் சாசனமோ வேறு சட்டமோ வெளிப்படையாகவோ குறிப்பாலோ தடுக்காதவரை, சோதனை சட்டவிரோதம் என்பதற்காக மட்டும் அதில் கிடைத்த பொருளை ஒதுக்க முடியாது என்றது. அந்த நிலை இன்றும் பெரிதாக மாறவில்லை.

இன்னொன்று, விசாரணையில் இருக்கும் ஒரு வழக்குக்காக வாரண்ட் இல்லாமலும் போலீஸ் தேடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 185ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் ஏன் தேடுகிறோம், எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும், சோதனையை வீடியோ எடுக்க வேண்டும், அந்த இடத்து ஆட்கள் இரண்டு பேராவது சாட்சியாகக் கூட நிற்க வேண்டும், எடுத்த பொருள்களின் பட்டியல் நகலை உங்களிடம் தர வேண்டும். இதில் எதையெல்லாம் விட்டார்கள் என்று இப்போதே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தவறுகளால் போன் தானாக வெளியே போகாது. ஆனால் போன் உண்மையிலேயே அந்தப் பெட்டியில்தான் இருந்ததா என்ற சந்தேகத்தைக் கிளப்ப இவைதான் கைமுதல். சாட்சியத்தை உள்ளே விடுவது வேறு, உள்ளே வந்ததை நம்புவது வேறு. நம்மூரில் சண்டையெல்லாம் இரண்டாவதில்தான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தேவாலா பக்கத்து வழக்கு, ஜூலை மாதம். சம்பவ இடத்திலேயே, திறந்த வெளியில், பாறைமேல் உட்கார்ந்து எழுதியதாக மகஜர், அதாவது பொருளை எடுத்த விவரத்தைச் சாட்சிகளோடு எழுதும் பதிவு. ஜூலையில் தேவாலா மழை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அன்றைக்குக் குடையே திரும்பிக்கொள்கிற மழை என்று அவர்களுடைய சாட்சியே கூண்டில் ஒப்புக்கொண்டார். மகஜரோ மைப்பேனாவில் எழுதியது, நாலு பக்கம், ஒரு எழுத்துகூடக் கரையவில்லை, தாளில் ஒரு சுருக்கம் இல்லை. அதை நீதிபதியிடம் கொடுத்துவிட்டு நான் சும்மா நின்றேன். மகஜரை யாரும் ஒதுக்கவில்லை, சான்றாவணமாகக் குறியிட்டுத்தான் இருந்தது, ஆனால் தீர்ப்பில் அதை நம்பவில்லை.

பர்லியாரில் பைக்கை நிறுத்திச் சோதித்தார்கள். என் அக்கா மகனின் ஜாக்கெட் பாக்கெட்டில் 150 கிராம், பைக்கில் கட்டியிருந்த பையில் 900 கிராம் கஞ்சா என்று கேஸ். ஏதோ 50ஆம் பிரிவு சொன்னால் வெளியே வந்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார், உண்மையா?

பாதி உண்மை, ஆனால் உங்கள் விஷயத்தில் அந்தப் பாதிக்கு நல்ல மதிப்பு உண்டு, பொறுமையாகப் படியுங்கள்.

முன்னே சொன்ன பொது விதிக்கு வலுவான விலக்கு இருப்பது போதைப்பொருள் சட்டத்தில்தான். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி ஒருவர் உடம்பைச் சோதிப்பதற்கு முன், "கெசடட் அதிகாரி முன்னாலோ மாஜிஸ்திரேட் முன்னாலோ சோதிக்கச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் எடுத்தால், எடுத்த சரக்கை அவர் வைத்திருந்ததற்கான ஆதாரமாகப் பயன்படுத்த முடியாது என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது, பூரண்மல்லை இங்கே இழுத்துக்கொண்டு வராதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னது. ஏறக்குறைய சொன்னோம், சுமாராகக் கடைப்பிடித்தோம் என்பதெல்லாம் போதாது, கறாராக வேண்டும் என்று 2010இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் இன்னொரு ஐந்து பேர் அமர்வு இறுக்கிவிட்டது.

அதனால் கேஸ் கட்டில் இருக்கும் சம்மதக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே அடித்து வைத்த தாள், பெயருக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். "மாஜிஸ்திரேட் முன்போ, கெசடட் அதிகாரி முன்போ, அல்லது சோதனைக்கு வந்த எங்கள் அதிகாரி முன்போ" என்று மூன்றாவதாக ஒன்றைச் செருகியிருக்கிறார்களா? வண்டியில் இரண்டு பேர் போயிருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தாளா? இரண்டுமே தவறு என்று 2014இல் பரமானந்த் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

இப்போது பிடிக்காத பாதி. 50ஆம் பிரிவு உடம்புக்கு மட்டும். பை, வண்டி, பெட்டி எதற்கும் அது கிடையாது, 2023இல் ரஞ்சன் குமார் சட்டா வழக்கில் இதை மறுபடி அழுத்திச் சொல்லிவிட்டார்கள். ஆகவே பைக்குள் இருந்த 900 கிராம் அப்படியே நிற்கும். கணக்கைப் பாருங்கள்: இரண்டும் சேர்ந்தால் 1,050 கிராம். கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு, அதிகபட்சம் ஒரு வருஷம். ஒரு கிலோ தாண்டி, வணிக அளவான 20 கிலோவுக்குக் கீழே இருந்தால் பத்து வருஷம் வரை போகலாம். பாக்கெட்டில் எடுத்த 150 கிராம் வெளியே போனால் மிச்சம் 900. பையன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று சொல்லவில்லை, ஆனால் பத்து எங்கே, ஒன்று எங்கே. மாதிரி எடுத்தது மாஜிஸ்திரேட் முன்னிலையிலா, 52ஏ பிரிவுப்படியா என்பதையும் உங்கள் வக்கீல் பார்க்கட்டும்.

என் மகன் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டான், வி.ஏ.ஓ.வும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பேப்பரிலும் வந்துவிட்டது. இனி என்ன இருக்கிறது ஐயா?

நிறைய இருக்கிறது அம்மா, தைரியமாக இருங்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது. 1872 முதல் இருந்த விதி, இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவு. அடித்து வாங்கினார்களா, டீ வாங்கிக் கொடுத்து வாங்கினார்களா என்ற கேள்விக்கே போக வேண்டாம். போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும், மாஜிஸ்திரேட் நேரில் இல்லாவிட்டால் அதுவும் செல்லாது. வி.ஏ.ஓ. கையெழுத்து அதைச் செல்ல வைக்காது.

ஒரே ஒரு ஓட்டை இருக்கிறது. அவன் சொன்னதை வைத்துப் புதிதாக ஏதாவது பொருளைக் கண்டுபிடித்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராக ஒட்டிய வார்த்தைகள் மட்டும் உள்ளே வரும். உதாரணத்துக்கு, "பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தள்ளிவிட்டு நான்தான் செயினைப் பறித்தேன், அதைத் தேயிலைக் காட்டில் மூன்றாவது சில்வர் ஓக் மரத்தடியில் புதைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தால், "புதைத்திருக்கிறேன்" என்ற துண்டு செல்லும், "பறித்தேன்", "தள்ளிவிட்டேன்" செல்லாது. 1946இல் புலுக்குரி கோட்டய்யா வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னதைத்தான் நாம் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கோர்ட்டில் இதை "ஏற்கத்தக்க பகுதி" என்பார்கள். முழு வாக்குமூலத்தையும் குறியிடப் பார்ப்பது பழைய பழக்கம், அந்த நிமிஷமே வக்கீல் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். அப்புறம், பையனை எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள் என்பதை எழுதி வையுங்கள். கைதே ஆகாத நேரத்தில் பொருள் கிடைத்ததாக மகஜர் சொல்லும் கேஸ்களை நான் பார்த்திருக்கிறேன்.

கூடலூர் அருகே எங்கள் தோட்ட ஓரத்தில் சுருக்குக் கம்பி கிடந்தது என்று வனத்துறையினர் கூட்டிப் போய் வாக்குமூலம் வாங்கினார்கள். அதுவும் இதேபோல் செல்லாதுதானே?

இங்கேதான் நம் மலைக்காரர்கள் ஏமாறுவது. வனத்துறைக்காரர் காக்கி போட்டிருந்தாலும் இந்த விஷயத்தில் அவர் போலீஸ் இல்லை, பொதுவாகக் கோர்ட்டுகள் எடுத்துவரும் நிலை அதுதான். அதனால் 23ஆம் பிரிவின் கவசம் உங்களுக்கு நேராகக் கிடைக்காது. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளைப் போலீசாகவே பார்க்க வேண்டும் என்று 2020இல் தூஃபான் சிங் வழக்கில், அதுவும் நம் தமிழ்நாட்டு வழக்கு, பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது, அதை வனத்துறைக்கும் நீட்டலாம் என்று வாதாடுகிறோம். ஆனால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

யார் எழுதினார் என்று பாருங்கள். வன உயிரினச் சட்டம் 50ஆம் பிரிவில் சாட்சியம் பதிவு செய்யும் அதிகாரம், மாநில அரசு அங்கீகரித்த உதவி வனப்பாதுகாவலர் அந்தஸ்துக்குக் குறையாதவருக்குத்தான். ஃபாரஸ்டரோ கார்டோ டீக்கடை பெஞ்சில் வைத்து எழுதியது அந்தக் கணக்கில் சேராது. மிரட்டியோ, "அபராதம் கட்டிவிட்டுப் போயிடலாம்" என்று ஆசை காட்டியோ வாங்கியிருந்தால் சாக்ஷ்ய அதினியத்தின் 22ஆம் பிரிவில் தள்ளச் சொல்லலாம், இது எந்த அதிகாரிக்கும் பொருந்தும். மிரட்டல் நடந்திருந்தால் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகும் முதல் தடவையிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆறு மாசம் கழித்துச் சொன்னால் வக்கீல் சொல்லிக்கொடுத்தது என்பார்கள்.

குன்னூரில் கடை வைத்திருக்கிறேன். லைசென்ஸுக்கு லஞ்சம் கேட்டதை அவருக்குத் தெரியாமல் போனில் ரெக்கார்ட் செய்தேன். நான் மாட்டிக்கொள்வேனா?

நீங்களே பேசிய கால் அது, ஒட்டுக்கேட்டது இல்லை. 1972இல் மல்கானி வழக்கும் லஞ்சக் கேஸ்தான், அதில் இந்த மாதிரிப் பதிவை உச்ச நீதிமன்றம் ஏற்றது. மூன்றாம் ஆள் ஒட்டுக்கேட்பது வேறு கதை. அரசே கேட்டாலும் பொது அவசரம் அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் வேண்டும். அது இல்லாத ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, அதில் கிடைத்ததைப் பயன்படுத்தவும் தடை போட்டது.

உங்கள் பதிவு அடிபடுவதானால் வேறு இடத்தில் அடிபடும். வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, போனை மாற்றிவிட்டு, கடைசியில் ஒரு பென்டிரைவோடு வருவீர்கள். மின்னணுப் பதிவின் நகலுக்கு சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் இல்லாமல் நடக்காது, அதில் ஒரு பாகம் உங்களுடையது, இன்னொன்று நிபுணருடையது, ஃபைலின் கைரேகை மாதிரியான ஹாஷ் எண்ணும் எழுத வேண்டும். அந்த போனை அப்படியே பத்திரமாக வையுங்கள், ஃபைலை வெட்டாதீர்கள், பெயர்கூட மாற்றாதீர்கள். லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகும்போது போனோடு போங்கள்.

சின்னக் கேள்வி சார். நார்கோ டெஸ்ட்டுக்கு வரச் சொல்கிறார்கள், மறுக்கலாமா?

தாராளமாக. 2010 செல்வி வழக்கு: சம்மதம் இல்லாமல் நார்கோ, பொய் கண்டறியும் கருவி, மூளைப் பதிவு எதுவும் கிடையாது. சம்மதித்தாலும் அங்கே சொன்னது நேரடி சாட்சியம் ஆகாது, ஆனால் அதை வைத்து ஏதாவது பொருளைக் கண்டுபிடித்தால் அது வரும், மேலே சொன்ன மரத்தடிக் கதைதான். கைரேகை, கையெழுத்து மாதிரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, 1961லேயே சொல்லிவிட்டார்கள்.

சோதனை வீடியோ நகல் எங்கே கேட்பது?

குற்றப்பத்திரிகையோடு வரும் ஆவணங்களை, நீங்கள் கோர்ட்டில் ஆஜரானதிலிருந்து 14 நாளுக்குள் இலவசமாகத் தர வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 230. அதில் வீடியோ இல்லையென்றால் உடனே மனுப் போடுங்கள். "செல்போனில் சார்ஜ் இல்லை, அதனால் எடுக்கவில்லை" என்று பதில் வந்தால் அதை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்கி வையுங்கள், குறுக்கு விசாரணையில் தேவைப்படும்.