மலை நாளில் எதைப் பார்ப்பது? டூர் டி பிரான்ஸ் ஏற்றங்களைப் பின்தொடர ஒரு வழி

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்து வருகிறேன். சமதளத்தில் நடக்கும் ஓட்டங்கள் ஓரளவு புரிகின்றன. மலை நாள்களில் குழம்பிப் போகிறேன். முன்னால் ஒரு குழு ஐந்து நிமிட இடைவெளியில் போகிறது, அதை யாரும் அவசரமாகத் துரத்துவதில்லை. மஞ்சள் சட்டைக்காரர் எங்கோ நடுவில் அமைதியாக மிதித்துக்கொண்டிருக்கிறார். பிறகு திடீரென்று பத்து நிமிடங்களில் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. ஐந்து மணி நேரமும் உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரமில்லை. எப்போது பார்க்கத் தொடங்கினால் போதும், எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் குழப்பத்துக்குக் காரணம், சாலையில் முன்னால் இருப்பவரே பந்தயத்திலும் முன்னால் இருக்கிறார் என்று நம் கண் இயல்பாகவே எடுத்துக்கொள்வதுதான். மலை நாளில் அந்த நம்பிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு, மஞ்சள் சட்டைக்காரர் இருக்கும் குழுவின் பின்முனையைப் பாருங்கள். அங்கிருந்து யார் உதிர்கிறார், எந்த அணிக்கு இன்னும் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினால், நீங்கள் சொல்லும் அந்தத் திடீர்ப் பத்து நிமிடங்கள் எப்போது வரப்போகின்றன என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

முதலில், ஒரே சாலையில் ஒரே நேரத்தில் பல போட்டிகள் நடக்கின்றன என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு நாள் ஓட்டத்தைக் கட்டம் என்பார்கள்; அன்றைய கட்டத்தை வெல்வது ஒன்று. மூன்று வார ஓட்டத்தின் மொத்த நேரத்தைக் கூட்டி, மிகக் குறைந்த நேரம் எடுத்தவருக்கு மஞ்சள் சட்டை வழங்கும் ஒட்டுமொத்தப் போட்டி மற்றொன்று. சிகரங்களை முதலில் கடப்பவர்களுக்குப் புள்ளிகள் கொடுத்து, 1975 முதல் வெள்ளைத் துணியில் சிவப்புப் புள்ளிகள் போட்ட சட்டையை அணிவிக்கும் மலையரசர் போட்டி மூன்றாவது. முன்னால் சென்ற குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் மொத்த நேரத்தில் அரை மணி நேரமோ அதற்கு மேலோ பின்தங்கியவர்களாக இருப்பார்கள். அப்படிப்பட்ட ஒருவர் ஆறு நிமிடம் முன்னால் சென்றாலும் மஞ்சள் சட்டைக்கு ஆபத்தில்லை என்பதால், அதை அணிந்திருக்கும் தலைவரின் அணி அவரைப் போகவிட்டுத் தன் ஆட்களின் கால்களைச் சேமித்துக்கொள்கிறது. எனவே திரையில் இடைவெளியைப் பார்த்தவுடன், முன்குழுவில் மொத்த நேரத்தில் மிகச் சிறந்த நிலையில் இருப்பவர் தலைவரைவிட எத்தனை நிமிடம் பின்தங்கியவர் என்று தேடிப் பாருங்கள். இடைவெளி அந்த எண்ணை நெருங்கும்போதுதான் துரத்தல் தொடங்கும்.

நான்காவதாக ஒரு போட்டியும் உண்டு, அதை ஒளிபரப்பு அதிகம் காட்டுவதில்லை. வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட விழுக்காடு சேர்த்துக் கணக்கிடப்படும் கெடுவுக்குள் வந்து சேராதவர் வீட்டுக்கு அனுப்பப்படுவார். சமதளத்தில் பாய்ந்து வெல்லும், மலையில் திணறும் விரைவோட்ட வீரர்கள் கடைசியில் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் துணையாக இந்தக் கெடுவோடு போராடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குக் குருப்பெட்டோ என்று பெயர். மஞ்சள் சட்டைக்கான போட்டிக்குச் சற்றும் குறையாத உழைப்பு அது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி, ஏற்றம் ஏன் எல்லாவற்றையும் மாற்றுகிறது என்பதைப் பார்ப்போம். சமதளத்தில் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் போகும் வீரரின் சக்தியில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதிலேயே செலவாகிறது. முன்னால் ஒருவர் காற்றை மறைத்தால் பின்னால் வருபவருக்குச் சுமை வெகுவாகக் குறைகிறது. அதனால்தான் பெருங்கூட்டம் எப்போதும் தனி ஆளைவிட வேகமாகப் போக முடிகிறது. இதை வைத்தே பிரெஞ்சு வருணனையாளர் ரொபேர் ஷபாத் தொலைக்காட்சியில் ஒரு கணக்குச் சொல்லிவந்தார். தனியாக முன்னேறியவர் பிடிபடாமல் இருக்க வேண்டுமானால், மீதமுள்ள ஒவ்வொரு 10 கி.மீ.க்கும் 1 நிமிட இடைவெளி அவரிடம் இருக்க வேண்டும். 9 விழுக்காடு ஏற்றத்தில் வேகம் மணிக்கு 20 கி.மீ.க்குக் கீழே இறங்கியதும் இந்தக் கணக்குப் பொய்த்துவிடுகிறது. காற்று மறைவின் பயன் சுருங்கிப்போய், தன் உடல் எடையையும் சைக்கிளின் எடையையும் மேலே தூக்குவதே முழு வேலையாகிறது. சைக்கிளோடு சேர்த்து 70 கிலோ இருக்கும் ஒருவருக்கு இன்னும் 1 கிலோ கூடினால், நாற்பது நிமிட ஏற்றத்தில் ஏறத்தாழ அரை நிமிடத்தை இழப்பார். ஆகவே செங்குத்தான இடத்தில் ஒளிந்துகொள்ள வழியில்லை. கால் சோர்ந்தவர் அந்த இடத்திலேயே பின்தங்குவார்.

ஓட்டம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி அன்றைய உயரப் படத்தைப் படியுங்கள். ஏற்றங்களை அமைப்பாளர்கள் 4 முதல் 1 வரை தரம் பிரித்திருப்பார்கள். 4 எளிது, 1 கடினம், அதற்கும் மேலானவை தரத்துக்கு அப்பாற்பட்டவை. இந்தக் கடைசி வகைச் சிகரத்தை முதலில் கடப்பவருக்கு 20 புள்ளிகள், முதல் தரத்துக்கு 10, நான்காம் தரத்துக்கு 1. தரத்தைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு: கடைசி ஏற்றம் எங்கே தொடங்குகிறது, அதற்கு முன்னால் சமதளப் பள்ளத்தாக்கு இருக்கிறதா. சிகரத்திலிருந்து இறங்கியவுடன் அடுத்த ஏற்றம் தொடங்கினால் துணையில்லாத வீரரும் தாக்குப்பிடிக்கலாம். நடுவில் நீண்ட பள்ளத்தாக்கு இருந்தால், துணை வீரர்கள் இல்லாதவர் அங்கே தவித்துப் போவார். சராசரிச் சரிவு விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். சற்றே தட்டையான 2 கி.மீ. நடுவில் வந்தால் சராசரி குறைந்துவிடும், ஆனால் மீதித் தூரம் அந்த அளவுக்குக் கொடுமையாக இருக்கும்.

இதையெல்லாம் ஒரே நாளில் பார்க்க விரும்பினால், 2022 ஜூலை 13 அன்று நடந்த 11ஆம் கட்டத்தின் பதிவைத் தேடிப் பாருங்கள் என்பேன். அல்பேர்வில் நகரிலிருந்து கிரானோன் கணவாய் வரை சுமார் 150 கி.மீ. முதலில் மோன்வெர்னியேயின் கொண்டை ஊசி வளைவுகள். அடுத்து 11.9 கி.மீ. நீளமும் 7.1 விழுக்காடு சராசரியும் கொண்ட தெலெகிராஃப் கணவாய். அங்கிருந்து வல்லுவார் ஊருக்குச் சிறிய இறக்கம், உடனே 2,642 மீட்டர் உயரமுள்ள கலிபியே. அதன் பிறகு நீண்ட இறக்கம், பள்ளத்தாக்கு, கடைசியில் 11.3 கி.மீ. தூரத்துக்குச் சராசரி 9.2 விழுக்காடு ஏறும் கிரானோன். டூர் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான், 1986இல், அங்கே முடிந்திருந்தது. அன்று கிரெக் லெமாண்ட், தன் சக அணி வீரர் பெர்னார் இனோவிடமிருந்து மஞ்சள் சட்டையை எடுத்துக்கொண்டார்.

2022இல் மஞ்சள் சட்டை ததே பொகாச்சாரிடம் இருந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் வென்றவர் அவர்தான். டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர் 39 விநாடி பின்தங்கியிருந்தார். அணிக்கு எட்டுப் பேர் என்று தொடங்கிய பந்தயத்தில், பொகாச்சாரின் துணைவர்கள் இருவர் கொரோனா தொற்றால் ஏற்கெனவே விலகியிருந்தனர். யம்போ-விஸ்மா அணியில் விங்கெகோரோடு பிரிமோஷ் ரோக்லிச்சும் இருந்தார். 5ஆம் கட்டத்தில் விழுந்து தோள்பட்டை விலகியதால் இரண்டு நிமிடங்களுக்கு மேல் இழந்தவர் என்றாலும், அவரை அடியோடு அலட்சியம் செய்ய முடியாது.

எண்ணிக்கை தொடங்கியது தெலெகிராஃபில். முடிவுக்கு இன்னும் 60 கி.மீ.க்கு மேல் இருக்கும்போதே யம்போ அணி வேகத்தைக் கூட்டியது. பொகாச்சாரின் ஆட்கள் உதிர்ந்தனர். கலிபியேயின் கீழ்ப்பகுதியில் மஞ்சள் சட்டை தனியாக நின்றது. ரோக்லிச் ஒரு முறை பாய்கிறார், பொகாச்சார் துரத்திப் பிடிக்கிறார். பிடித்த கணத்தில் விங்கெகோர் பாய்கிறார், அவரையும் பிடிக்கிறார். மீண்டும் ரோக்லிச், மீண்டும் விங்கெகோர். பார்ப்பவருக்குப் பொகாச்சார் எல்லோரையும் எளிதாக அடக்குவதுபோலத்தான் தோன்றும். கலிபியேயின் மேற்பகுதியில் அவரே வேகத்தைக் கூட்டி மற்றவர்களை உதிர்த்தார், விங்கெகோர் மட்டுமே அவர் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் யாரைக் கேட்டாலும் மஞ்சள் சட்டை பலமாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் பதில் சொன்னவர் ஒரே ஒருவர், பாய்ந்தவர்கள் மாறி மாறி ஓய்வெடுத்த இருவர் என்பதை எண்ணியிருந்தவருக்கு வேறு ஒன்று தெரிந்திருக்கும்.

கிரானோனில் பொகாச்சாருக்குத் துணையாக ரஃபால் மைக்கா வந்து சேர்ந்து சிறிது தூரம் இழுத்தார். உச்சிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. இருக்கும்போது விங்கெகோர் எழுந்து மிதித்தார். பொகாச்சார் இருக்கையிலிருந்து எழவில்லை. அந்தக் காட்சியைப் பல முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன், இன்றும் பார்க்கும்போது நெஞ்சு படபடக்கிறது. முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்த வாரன் பார்கிலையும் நைரோ கின்டானாவையும் கடந்து விங்கெகோர் வென்றார். கின்டானா 59 விநாடி பின்னால் வந்தார். பொகாச்சாரை மேலும் பலர் கடந்து செல்ல, ஏழாவதாக வந்த அவர் இழந்தது 2 நிமிடம் 51 விநாடி.

அந்தக் கணத்துக்கு முன் உடலில் தெரியும் அடையாளங்களைக் கவனிக்கப் பழகிக்கொள்ளுங்கள். தோள்கள் பக்கவாட்டில் ஆடத் தொடங்குவது, சட்டையின் ஜிப்பை முழுவதும் திறந்துவிடுவது, முன்னால் இருப்பவரின் சக்கரத்துக்கும் தன் சக்கரத்துக்கும் இடையில் ஒரு கை அகலம் விழுந்து அதை மூட முடியாமல் இருப்பது ஆகியவை சோர்வின் குறிகள். இவற்றில் மூன்றாவதை மட்டுமே நான் முழுமையாக நம்புவேன். வெயிலிலும் 2,000 மீட்டருக்கு மேலான மெல்லிய காற்றிலும் வலுவாக இருப்பவரும் ஜிப்பைத் திறப்பதுண்டு.

முன்குழுவில் ஒரு அணி தன் ஆளை அனுப்பி வைத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கட்டத்தை வெல்வதற்காகவே போயிருக்க வேண்டும் என்பதில்லை. அதே ஆண்டு 18ஆம் கட்டத்தில் யம்போ அணியின் வௌட் வான் ஆர்ட் முன்குழுவில் சென்றார். ஓத்தாகாம் ஏற்றத்தில் பின்னாலிருந்து விங்கெகோரும் பொகாச்சாரும் வந்து சேர்ந்தபோது, வான் ஆர்ட் முழு வலுவோடு முன்னின்று இழுக்க, பொகாச்சார் பின்தங்கினார். காலையில் முன்னால் அனுப்பிய ஆள் மாலையில் துணைவராகிவிட்டார்.

இடைவெளியைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை. திரையில் தெரியும் தூரத்தை நம்பாமல் நேரத்தை நம்புங்கள். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஏறும்போது 1 நிமிடம் என்பது 300 மீட்டர்தான், எட்டிப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். சமதளத்தில் 45 கி.மீ. வேகத்தில் அதே 1 நிமிடம் 750 மீட்டராகி, ஆளே கண்ணுக்குத் தெரியமாட்டார். மலையில் கண்ணெதிரே போகிறவரைப் பிடிக்க முடியாமல் போவதன் காரணம் இதுதான்.

நேரத்துக்கு வருகிறேன். ஜூலை மாதத்தில் இந்திய, இலங்கை நேரம் பிரான்சைவிட 3½ மணி முன்னால் இருக்கிறது. பெரும்பாலான மலைக்கட்டங்கள் அங்கே மாலை 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் முடிவதால், நமக்கு இரவு 8½ முதல் 9½ வரை ஆகும். அமைப்பாளர்கள் வெளியிடும் நேர அட்டவணையில் ஒவ்வொரு சிகரத்தையும் எந்த நேரத்தில் கடப்பார்கள் என்று வெவ்வேறு வேகங்களுக்குக் கொடுத்திருப்பார்கள். அதில் கடைசிக்கு முந்தைய ஏற்றத்தின் அடிவாரத்துக்கான நேரத்தைப் பார்த்து, அதற்குப் பத்து நிமிடம் முன்னால் உட்காருங்கள். பொதுவாக ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் பிடிக்கும். கடைசி ஏற்றத்தை மட்டும் பார்ப்பவருக்கு முடிவு தெரியும், காரணம் தெரியாது. கிரானோன் நாளில் அப்படிப் பார்த்தவர்கள் பொகாச்சாருக்கு ஏதோ உடல்நலக் குறைவு என்று நினைத்திருக்கக்கூடும். மாலையில் வேலையிலிருந்து தப்ப முடிந்தால், தொடக்கத்தின் முதல் அரை மணி நேரத்தையும் எழுத்து வருணனையில் படித்துவிடுங்கள். எந்த அணியின் ஆள் முன்குழுவில் சேர்ந்தார் என்பது அங்கேதான் தெரியும்.

வென்றவர் கோட்டைத் தொட்டதும் தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள். அப்போது தொடங்கும் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் மூவருக்கு 10, 6, 4 விநாடிகள் மொத்த நேரத்திலிருந்து கழிக்கப்படும். சமதளக் கட்டத்தின் கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்தால் கிடைக்கும் நேரச் சலுகை சிகரத்தில் முடியும் கட்டத்தில் கிடையாது, இழந்த ஒவ்வொரு விநாடியும் இழந்ததுதான். கிரானோனில் விங்கெகோர் 2 நிமிடம் 51 விநாடி முந்தினார், அதோடு 10 விநாடிச் சலுகை, ஆக 3 நிமிடம் 1 விநாடி. அதில் காலையில் இருந்த 39 விநாடிப் பின்னடைவைக் கழித்தால் 2 நிமிடம் 22 விநாடி. அன்று இரவு வெளியான பட்டியலில் பொகாச்சாரின் பெயருக்கு எதிரே இருந்த எண்ணும் அதுவே.