சிக்னல் முழுசா இருக்கு, நெட் மட்டும் வரலை: ஆபீஸ் வைஃபையில் எங்கே தேடுவது?

கேள்வி: எங்கள் ஆபீஸில் 35 பேர். எல்லோருக்கும் வைஃபை சிக்னல் முழுக் கோடு காட்டுகிறது. ஆனால் காலை பத்து மணிக்கு மேல் வீடியோ மீட்டிங் அப்படியே நின்றுவிடுகிறது, சிலருக்கு இணைப்பே கிடைப்பதில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதைதான். ரிப்பீட்டர் ஒன்று வாங்கி வைத்தோம், இன்னும் மோசமாகிவிட்டது. வேகமான பிளானுக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: பிளானை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருப்பது காற்று. ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் நீங்கள் மாதாமாதம் காசு கட்டும் லைன். கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதை மாற்றினாலும் குருட்டாம்போக்குதான்.

தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். மீட்டிங் திணறுகிற அந்த நேரத்திலேயே (நன்றாக ஓடும்போது சோதித்துப் பயனில்லை) ஒரு லேப்டாப்பில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் இன்னொன்றில் 8.8.8.8 க்கும் (வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் முகவரி) தொடர்ந்து பிங் ஓடவிடுங்கள். பிங் என்பது ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது. ரவுட்டருக்குப் போகும் பிங் பெரும்பாலும் 10 மில்லிசெகண்டுக்குள் வர வேண்டும். அதுவே 200, 300 என்று குதிக்கிறது, நடுநடுவே பதிலே வரவில்லை என்றால் கோளாறு காற்றில். ரவுட்டர் பிங் அமைதியாக இருந்து வெளிப் பிங் மட்டும் தாவினால் லைனைப் பார்க்க வேண்டும். இரண்டுமே ஒழுங்காக இருந்தும் தளங்கள் திறக்கவில்லையா, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள்.

நீங்கள் சொன்னதில் எனக்கு உறுத்தியது அந்த "சிலருக்கு இணைப்பே கிடைப்பதில்லை". இணைப்பு கிடைக்காதவரின் கணினியில் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அந்தக் கணினியை அடையாளம் காட்டும் எண்) என்ன என்று பாருங்கள். 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரி வரவில்லை என்று பொருள். ரவுட்டர் வைத்திருக்கும் முகவரிகள் தீர்ந்துபோயிருக்கலாம். 35 பேர்தானே என்று நினைக்காதீர்கள், ஆளுக்கு ஒரு லேப்டாப், ஒரு போன், சிலர் கையில் வாட்ச், வந்துபோகும் விருந்தினர் போன்கள் என்று கூட்டினால் சுலபமாக 100 தாண்டும். ஒவ்வொரு முகவரியும் 24 மணி நேரத்துக்கு என்று கொடுக்கப்பட்டிருந்தால், நேற்று வந்துபோனவரின் போன் இன்றும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பல சிறிய ரவுட்டர்கள் அணைத்துப் போட்டதும் இந்தப் பட்டியலை மறந்துவிடும், உங்களுக்குக் கொஞ்ச நேரம் சுகமாக ஓடுவது அதனாலும் இருக்கலாம். ரவுட்டர் அமைப்பில், முகவரி வழங்கும் டிஹெச்சிபி பகுதியில் முகவரி வரம்பைப் பெரிதாக்குங்கள், விருந்தினர்களுக்குத் தனி நெட்வொர்க் போட்டு அங்கே கால அளவை இரண்டு மணி நேரமாகக் குறையுங்கள். பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுத்திருந்தால் அது இந்த வரம்புக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கேள்வி பிரிண்டரைப் பற்றி வரும்.

ஒருவேளை 169.254 இல்லாமல், மற்றவர்களுக்கு இருப்பதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு வரிசை முகவரி இருந்தால் மேஜைகளுக்கு அடியில் குனிந்து தேடுங்கள். ஓர் ஆபீஸில் அரை நாள் வைஃபையைச் சேனல் சேனலாக (ரவுட்டர் பேசும் அலைவரிசைத் துண்டு) மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் நான் கண்டுபிடித்தது, யாரோ வீட்டிலிருந்து எடுத்து வந்து செருகியிருந்த பழைய ரவுட்டரை. அதுவும் தன் பங்குக்கு முகவரி வழங்கிக்கொண்டிருந்தது.

சரி, முழுக் கோடு காட்டுகிறதே? ரவுட்டரின் குரல் உங்களுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் அந்தக் கோடுகள் சொல்லும், கூட்டத்தைச் சொல்லாது. ஒரு சேனல் என்பது ஒரே மைக், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மூலையில் பலவீனமான சிக்னலில் உட்கார்ந்திருக்கும் ஒரு போன் மெதுவாகப் பேசி மைக்கை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். ரிப்பீட்டர் வந்து மோசமானதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். சாதாரண ரிப்பீட்டர் கேட்டதையெல்லாம் அதே சேனலில் இன்னொரு தடவை சொல்லும், இருந்த நேரத்தில் பாதி போய்விடும். அதைக் கழற்றிவிட்டு, அதே இடத்துக்கு ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து ஓர் அக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் நெட்டை அங்கே வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வையுங்கள். கேபிள் இழுப்பது எரிச்சலான வேலைதான், ஆனால் இதற்கு ஈடான குறுக்குவழியை நான் பார்த்ததில்லை.

ரவுட்டரும் அக்சஸ் பாயிண்டும் வேறு வேறு சேனலில் இருக்கட்டும். வைஃபை அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள், 3 அல்லது 4 போட்டால் இரண்டு பக்கத்துக்கும் இடைஞ்சல். அங்கே சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். லேப்டாப்புகளையெல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளுங்கள், சுவர் தாண்டினால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால்தான் அக்சஸ் பாயிண்ட் ஆட்கள் உட்காரும் அறையிலேயே இருக்க வேண்டும் என்கிறேன். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 இல் தொல்லை கொடுக்கும்தான், ஆனால் அது சாப்பாட்டு நேரத்துப் பிரச்சினை, உங்களுடையது காலையில்.

இத்தனைக்கும் பிறகு வெளிப் பிங் மட்டும் தாவுகிறது என்றால்தான் பிளான் பேச்சு. அப்போதும் டவுன்லோடு வேகத்தைப் பார்க்காதீர்கள், அப்லோடைப் பாருங்கள். காலையில் எல்லோரும் லேப்டாப்பைத் திறந்ததும் கிளவுட் பேக்கப் ஒரே நேரத்தில் கிளம்பி அப்லோடு முழுவதையும் அடைத்துக்கொள்ளும், மீட்டிங்கில் உங்கள் முகம் உறைவது அதனாலும் இருக்கலாம். பேக்கப்பை இரவுக்கு மாற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பெரிய பிளான் வாங்கிக்கொள்ளலாம்.