புது டிஸ்க் மாட்டியதும் கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லையா?

கேள்வி: கும்பகோணத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன் சார். கல்யாண வீடியோக்களுக்கு இடம் போதாமல் 4 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி மாட்டினேன். அதிலிருந்து ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'நோ பூட் டிவைஸ்' என்று நிற்கிறது. கழற்றினால் பழையபடி ஓடுகிறது. விண்டோஸைத் திரும்பப் போட வேண்டும் என்கிறார்கள். வைகாசி முகூர்த்த வேலையெல்லாம் உள்ளே கிடக்கிறது.

பதில்: விண்டோஸில் கை வைக்காதீர்கள். கழற்றினால் ஓடுகிறது என்றால் அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆன் செய்ததும் முதலில் ஓடுவது பயாஸ், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் சின்ன புரோகிராம். எந்த டிஸ்கில் விண்டோஸைத் தேடுவது என்ற வரிசையில் அது புது டிஸ்கை முன்னால் வைத்திருக்கும். அது காலி டிஸ்க். சில பழைய போர்டுகள் முதல் டிஸ்கோடு தேடுவதை நிறுத்திவிடும்.

புது டிஸ்க் இருக்கும்போதே ஆன் செய்து, டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். பயாஸ் திரை வரும். அங்கே பூட் பகுதியில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருந்தால் அதை முதலில் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் பழைய டிஸ்கின் பெயரை. பழைய போர்டுகளில் ஹார்ட் டிஸ்குகளுக்கென்று தனி வரிசை இன்னொன்று இருக்கும். பலர் கோட்டை விடுவது அங்கேதான். பெரும்பாலும் எஃப்10 தட்டினால் சேவ் ஆகும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் இந்த வரிசை கலைந்து, தேதியும் பல வருடம் பின்னால் போனால், போர்டில் உள்ள சிஆர்2032 வட்ட பேட்டரியை மாற்றுங்கள்.

பயாஸில் பழைய டிஸ்கே தெரியவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபிளை அழுத்திப் பாருங்கள். புது டிஸ்கை மாட்டும்போது கை பட்டு அது நழுவியிருக்கும். (போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி வாங்குகிறவர்களுக்கு: சில போர்டுகளில் அதைச் செருகினால் டிஸ்க் கேபிள் மாட்டும் சாட்டா போர்ட் ஒன்று வேலை செய்யாது. கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்ற வேண்டும்.)

விண்டோஸ் வந்ததும், டிஸ்குகளைப் பிரித்துக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். புது டிஸ்கை ஜிபிடி, எம்பிஆர் என்ற இரண்டு முறைகளில் எதில் பிரிப்பது என்று கேட்கும் இடத்தில் ஜிபிடி என்று கொடுங்கள். எம்பிஆர் கொடுத்தால் 2 டிபிக்கு மேல் பயன்படாது. அங்கே டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்ணை நம்பாதீர்கள், அது மாறும். அளவைப் பார்த்து புது டிஸ்கை அடையாளம் காணுங்கள்.

அப்படியே இன்னொன்றும் பாருங்கள். 'ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்று சுமார் 100 எம்பியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தால், அது எந்த டிஸ்கின் வரிசையில் இருக்கிறது? விண்டோஸைத் தொடங்கிவைப்பது அதுதான். மன்னார்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பழைய டிஸ்க்கும் உள்ளே இருக்கும்போதே புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டிருந்தார்கள். அந்தச் சின்னப் பெட்டி பழைய டிஸ்கிலேயே தங்கிவிட்டது. ஆறு மாதம் கழித்து அந்த டிஸ்கைக் கழற்றினார்கள், கடையே நின்றது. வயல் நம்முடையது, மதகு பக்கத்து வயல்காரர் கையில் என்கிற கதைதான். உங்களுக்கும் அந்தப் பெட்டி விண்டோஸ் இல்லாத வேறு டிஸ்கில் இருந்தால், அந்த டிஸ்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 'கழற்றாதே' என்று எழுதிவையுங்கள். என்றைக்காவது விண்டோஸ் போட வேண்டி வந்தால் மற்ற டிஸ்குகளின் கேபிளை முதலில் பிடுங்கிவிடுங்கள்.