முறிந்து வந்த இறக்கை: கடைக்காரர் பொறுப்பா, கூரியர் பொறுப்பா?

கேள்வி: ரிமோட்டில் பறக்கவிடும் கிளைடரை (எஞ்சின் இல்லாத மாதிரி விமானம்) நாமே ஒட்டிக் கட்டும் கிட் ஒன்றை, பால்சா என்ற லேசான மரத்தில் செய்தது, இணையக் கடையில் 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். நீளமான அட்டைப்பெட்டி நடுவில் மடிந்து வந்து சேர்ந்தது. இறக்கையின் நீளத்துக்கு ஓடும் ஸ்பார் என்ற கட்டை ஒன்று முறிந்திருக்கிறது, அதற்குக் குறுக்கே நின்று இறக்கைக்கு வடிவம் தரும் ரிப்களில் இரண்டு உடைந்திருக்கின்றன. பட்டியலில் உள்ள பிளைவுட் சட்டம் ஒன்றைக் காணவில்லை. "பெட்டியைத் திறக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா? இல்லையென்றால் கூரியரைக் கேளுங்கள்" என்று கடைக்காரர் கைவிரிக்கிறார். என்ன செய்யலாம்? (திருச்சி வாசகர்)

பதில்: முதலில் பசைக் குப்பியை எடுத்து உள்ளே வையுங்கள். ஒரு பாகத்தை ஒட்டிவிட்டாலும் "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்று சொல்ல அவருக்கு வழி பிறந்துவிடும்.

கூரியரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. கூரியரை அமர்த்தியது கடைக்காரர், காசு கொடுத்தது அவர். அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு உங்களுடையது அல்ல. மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. பெட்டி திறக்கும் வீடியோ என்பது கடைக்காரர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்ட நிபந்தனை. அந்த விதிகளில் அப்படி ஒன்று கிடையாது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்பது அபத்தம்.

வீடியோவைவிட வலுவான சாட்சி உங்கள் வீட்டிலேயே கிடக்கிறது: அந்த அட்டைப்பெட்டி. அதைத் தரையில் வைத்து, முறிந்த ஸ்பாரை உள்ளே எப்படி இருந்ததோ அப்படியே பக்கத்தில் கிடத்துங்கள். அட்டை மடிந்த இடமும் கட்டை முறிந்த இடமும் நேர்க்கோட்டில் வந்தால், கூரியர் சீட்டு தெரியும்படி ஒரே படமாக எடுங்கள். அந்த ஒரு படம் போதும், வாதம் பாதி முடிந்துவிடும்.

காணாமல் போன சட்டத்தின் கதை வேறு. லேசரில் வெட்டிய பலகைகளை எண் வரிசையில் பரப்பிப் பாருங்கள். அந்தச் சட்டம் இருக்க வேண்டிய பலகையில் அதன் வடிவத்தில் ஓட்டை மட்டும் இருந்தால், பாகம் உதிர்ந்திருக்கிறது; பெட்டியின் மூலை, சுற்றிய காகிதம் எல்லாவற்றையும் உதறிப் பார்த்துவிடுங்கள். பலகையே இல்லை என்றால் பெட்டியைக் கட்டியவர் போட மறந்திருக்கிறார். கூரியர் சீட்டில் உள்ள எடையை வைத்து நிரூபிக்கலாம் என்று எண்ண வேண்டாம். சில கிராம் பிளைவுட் அதில் தெரியாது.

புகாரைத் தவணை முறையில் அனுப்பாதீர்கள். நாளைக்கு ஒரு குறை, மறுநாள் ஒரு குறை என்று எழுதினால் நம்பிக்கை கெடும். எழுதுவதற்கு முன்பே மற்றக் கட்டைகளையும் சோதித்துவிடுங்கள். கட்டையைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். இரு பக்க ஸ்பார்களையும் சமையலறைத் தராசில் போடுங்கள். பால்சாவின் அடர்த்தி மரத்துக்கு மரம் மாறும். ஒரே அளவுள்ள இரண்டு கட்டைகளில் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு எடை இருப்பதுகூட நடக்கக்கூடியதே. அப்படி ஒரு ஜோடியை வைத்துக் கட்டினால் ஒரு பக்க இறக்கை கனக்கும், வளையும் விதமும் மாறும். கிட்டோடு வந்த வரைபடத்தில் அளவுகோலை வைத்து, அச்சு சுருங்காமல் வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைக் கேட்பது? கிளைடர் வேண்டும் என்பதுதானே உங்கள் ஆசை. அப்படியானால் ஸ்பாரையும் பிளைவுட் சட்டத்தையும் புதிதாகக் கேளுங்கள். ஸ்பாரில் விட்டுக்கொடுக்காதீர்கள்; பறக்கும்போது இறக்கையை வளைக்கும் விசையைத் தாங்குவது அதுதான். ரிப்கள் சின்ன விஷயம். வரைபடத்தின் மேல் வைத்து உடனடிப் பசையால் ஒட்டினால் போதும்; ஒட்டிய இடம் பக்கத்து மரத்தைவிட உறுதியாக நிற்கும். பால்சாவில் நசுங்கிய குழி இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, இளஞ்சூட்டில் இஸ்திரிப்பெட்டியின் நுனியைக் காட்டுங்கள், மேலெழும்பிவிடும். ஆனால் இந்தப் பழுதுகளையும் புகாரில் எழுதிவிட்டு, அதற்கு ஈடாகச் சிறு தொகை கேட்பதில் தவறில்லை.

அந்தக் கடையின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் திருச்சியிலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 6,800 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் போகத் தயார் என்று கடிதத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

கேள்வி: 1/72 அளவு பிளாஸ்டிக் போர் விமானக் கிட்டில் விமானி அறையின் கண்ணாடி மூடியில் கீறல். ஒரு சக்கரக் கால் பாதிதான் வார்க்கப்பட்டிருக்கிறது. மாற்றித் தருவார்களா? (மதுரை வாசகர்)

பதில்: சக்கரக் கால், அச்சில் பிளாஸ்டிக் முழுதாகப் பாயாமல் வந்த உற்பத்திக் குறை. பாகத்தை, அது ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து வெட்டாமல், அப்படியே படம் எடுத்து, பாக எண்ணோடு கடைக்கும் தயாரிப்பாளருக்கும் அனுப்புங்கள். பல பெரிய தயாரிப்பாளர்கள் மாற்றுப் பாகம் அனுப்பும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். மூடியில் இருப்பது மேலோட்டமான கீறல் என்றால் மிக நைசான உப்புத்தாளில் ஈரம் தொட்டுத் தேய்த்து, பிறகு பாலிஷ் போட்டால் மறையும். விரிசல் என்றால் தொடாதீர்கள், அதையும் சேர்த்தே கேளுங்கள்.