முத்தம் கொடுக்க மாட்டாளாம்!

கேள்வி: என் நாலு வயது மகள், வீட்டுக்கு வந்த என் அண்ணனுக்கு முத்தம் கொடுக்க மாட்டேன் என்று திரும்பிக்கொண்டாள். அண்ணன் முகம் சுண்டிப்போய்விட்டது. அதட்டித்தான் கொடுக்க வைத்தேன். இவளுக்கு ‘குட் டச், பேட் டச்’ எல்லாம் எந்த வயதில் சொல்லித்தர ஆரம்பிக்கலாம்?

பதில்: அதான் ஆரம்பித்துவிட்டீர்களே! பெரியவர்கள் ஆசைப்பட்டால் பிடிக்காவிட்டாலும் இணங்கிப்போக வேண்டும், இல்லாவிட்டால் அம்மா திட்டுவாள் என்று முதல் பாடம் அன்றைக்கே முடிந்தது. நாளைக்கு நீங்களே படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ‘யாராவது தொட்டால் வேண்டாம்னு கத்தணும்’ என்றால் அவள் எதை நம்புவாள்?

உங்கள் அண்ணன் தங்கமானவராகவே இருக்கட்டும், அவரைச் சொல்லவில்லை. ஆனால் குழந்தைகளிடம் அத்துமீறுபவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், வீட்டுக்குள் உரிமையோடு வந்துபோகிறவர்கள். மரியாதைதான் வேண்டுமென்றால் வணக்கம் சொல்லலாம், கையசைக்கலாம். எது என்று அவளே முடிவு செய்யட்டும். ‘அவளுக்கு இப்போ வேண்டாமாம் அண்ணா’ என்று சொல்ல வேண்டியது நீங்கள், அவள் இல்லை.

அப்புறம் அந்த ‘பேட் டச்’. கெட்ட தொடுதல் என்றால் வலிக்கும் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும்; அது விளையாட்டு மாதிரி, கிச்சுக்கிச்சு மாதிரி வந்தால் குழம்பிப்போகும். அதைவிட நேராகச் சொல்லிவிடலாம்: உள்ளாடை மறைக்கிற இடங்களை யாரும் பார்க்கவோ தொடவோ படமெடுக்கவோ கூடாது, தங்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது, கழுவிவிடும்போதும், நீங்கள் பக்கத்தில் இருக்க டாக்டர் பார்க்கும்போதும் மட்டும் சரி. அந்த உறுப்புகளுக்குச் செல்லப் பெயர் வேண்டாம், உண்மையான பெயரையே சொல்லிக்கொடுங்கள். நாளைக்கு அவள் வேறு யாரிடமாவது சொல்ல நேர்ந்தால், கேட்பவருக்குப் புரிய வேண்டாமா?

கிச்சுக்கிச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. மூச்சுமுட்டச் சிரித்துக்கொண்டே ‘போதும், போதும்’ என்பாள். சிரிக்கிறாளே என்று நாம் விடமாட்டோம். அந்த முதல் ‘போதும்’ வந்தவுடன் கையை எடுத்துப் பாருங்கள். அடுத்த நிமிடமே ‘இன்னொரு தடவை’ என்று அவளே வந்து நிற்பாள், அது வேறு கதை. அதே மாதிரி அவள் உங்கள் முடியைப் பிடித்து இழுக்கும்போது நீங்கள் ‘போதும்’ என்றால் அவளும் விட வேண்டும்.

இதற்காக எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். ‘ஊசி போடலாமா?’ என்று கேட்டுவிட்டு, ‘வேண்டாம்’ என்றவளைப் பிடித்து அமுக்கினால் கேட்காமலே இருந்திருக்கலாம். ஊசி போட்டே ஆக வேண்டும், ஆனால் எந்தக் கையில் என்பதை அவள் சொல்லலாம்.

ரகசியம் விஷயத்திலும் கறாராக இருங்கள். பிறந்தநாள் பரிசை மறைத்து வைத்தால் ஒருநாள் எப்படியும் வெளியே வந்துவிடும். ‘அம்மாகிட்ட எப்பவும் சொல்லக் கூடாது’ என்று யார் சொன்னாலும், அதை உடனே வந்து சொல்ல வேண்டும். சொன்னதற்காக நீங்கள் கத்தவும் கூடாது.

குழந்தைக்கு என்ன பெரிய அந்தரங்கம் என்பவர்களுக்கு: 1989-இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவே அதைப் பற்றியதுதான். அவள் குளிக்கும் வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தால் முதலில் அழித்துவிடுங்கள்.

இன்றைக்கே மகளிடம், ‘அன்னைக்கு மாமாவுக்கு முத்தம் கொடுக்கச் சொல்லி அதட்டினது அம்மாவோட தப்பு’ என்று சொல்லுங்கள். நாலு வயதுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்கிறீர்களா? முத்தம் கொடுத்து முடித்ததும் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாளா, இல்லையா?