ஆட்சென்ஸ் பின் எண் கடிதம் வரவில்லையா?

வணக்கம் சகோதரி. தாராவி 90 அடி சாலைப் பக்கம் இருந்து யூடியூப் சமையல் சேனல் நடத்துகிறீர்கள், 10 டாலர் சேர்ந்தும், விளம்பரப் பணத்தைத் தரும் கூகுளின் ஆட்சென்ஸிலிருந்து முகவரியைச் சரிபார்க்கும் பின் எண் கடிதம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள், சம்பாதித்த பணம் கணக்கிலேயேதான் இருக்கும்.

அந்தக் கடிதம் சாதாரணத் தபாலில் வரும், கையெழுத்தெல்லாம் கேட்க மாட்டார்கள். அதனால்தான் நம் சந்துகளில் எளிதாகத் தொலைகிறது. முதலில் ஆட்சென்ஸில் கொடுத்த முகவரியைத் திறந்து பாருங்கள். சந்தின் பெயர் மட்டும் போதாது. அறை எண், சாலின் (வரிசை அறைகள் கொண்ட குடியிருப்பின்) பெயர், அடுத்த வரியில் பக்கத்துக் கோயிலோ கடையோ, அப்புறம் அஞ்சல் குறியீடு 400017. திருத்திவிட்டு மறுபடியும் பின் கேளுங்கள். வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். தபால்காரரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சாலின் கீழே இருக்கும் கடையிலும் விசாரியுங்கள், பல கடிதங்கள் அங்கேதான் கிடக்கும்.

மூன்று முறை வரை மறுபடி கேட்கலாம். அப்படியும் வராவிட்டால் அரசு அடையாள அட்டையைப் பதிவேற்றிச் சரிபார்க்க வழி உண்டு. முதல் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நான்கு மாதம்தான் கெடு, அதைத் தவற விடாதீர்கள்.

பின் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள். சேனலே கை மாறிவிடும்.

இன்னொன்று, அமெரிக்க வரிப் படிவத்தையும் இப்போதே நிரப்பிவிடுங்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் 24% வரை பிடிக்கலாம். நிரப்பி, அதிலேயே இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையையும் கேட்டால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் பணத்தில் மட்டும் 15%. 100 டாலர் சேர்ந்த பிறகுதான் வங்கிக்குப் பணம் வரும், அதற்குள் இரண்டையும் முடித்துவிடலாம்.