பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டலாமா?

கேள்வி: குளிக்கும் வசதியில்லாத சின்னக் கழிப்பறை, 4 அடிக்கு 5 அடி. தரை டைல்ஸ், வெஸ்டர்ன் கிளாசெட், வாஷ்பேசின் மூன்றையும் மாற்றுகிறோம். பழைய டைல்ஸ் மேலேயே புதுசு ஒட்டலாமா? முதலில் எதை வாங்குவது?

பதில்: முதலில் கிளாசெட். அதையும் அளந்த பிறகுதான். வேலை முடிந்த சுவரிலிருந்து தரைக் கழிவுக் குழாயின் நடுப்புள்ளி வரை எவ்வளவு என்று பாருங்கள். அந்த அளவு 300 மி.மீ. உள்ள இடத்தில் 220 மி.மீ.க்கான கிளாசெட் வைத்தால் பின்னால் சந்து விழும். 220 உள்ள இடத்தில் 300 வைத்தால் உட்காரவே உட்காராது. சுவருக்கும் டைல்ஸ் என்றால் பசையோடு சேர்த்து அந்தக் கனத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மேலேயே ஒட்டலாம், ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்த்து எங்கும் பொள்ளல் சத்தம் வராவிட்டால். ஆனால் தரை உயரும், கதவு இடிக்கும், கழிவுக் குழாயின் வாய் பள்ளத்தில் போய்விடும். இத்தனை சின்ன அறைக்கு உடைத்துவிடுவதே மேல்.

20 சதுர அடிக்கு 23 சதுர அடி டைல்ஸ் வாங்குங்கள். குழாயைச் சுற்றி வெட்டும்போது உடையும். தரைவடிகால் இருந்தால் அதை நோக்கி மீட்டருக்கு 10 மி.மீ. வாட்டம் (சரிவு) வேண்டும். டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் கிரவுட் மறுநாள்தான்.

கிளாசெட் அடியில் சிமென்ட் வேண்டாம், பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும். ஓரத்தில் சிலிகோன் பசை போதும், பின்பக்கம் இரண்டு அங்குலம் பூசாமல் விட்டுவிடுங்கள், கசிந்தால் அங்கே தெரியும். போல்ட்டை இரு பக்கமும் மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் பீங்கான் விரிசல்விடும்.